ஆன்லைன் வரி விளம்பரத்தில் நாய்க்குட்டி விற்பதை மொத்தமாக நிறுத்தச் சொல்லி மனு போடலாமா?

மொட்டைமாடி_மீனா | ஞாயிறு, இரவு 10:40

குட்டி எங்க வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி போயிடுச்சு. லாப்ரடார், பொண்ணு. பசங்க பன்னுன்னு பேர் வெச்சிருந்தாங்க. பார்வோ, நாய்க்குட்டிங்களுக்கு வர்ற வைரஸ் நோய்.

ஒரு விளம்பரத் தளத்துல பார்த்துதான் வாங்கினோம். பழைய வாஷிங் மெஷின், டூ வீலர், வாடகை வீடு எல்லாம் வருமே, அதே தளம். "45 நாள் குட்டி, ஃபர்ஸ்ட் டோஸ் முடிஞ்சது, ஹெவி போன் (கனத்த எலும்பு), வீட்டில் வளர்த்தது"ன்னு போட்டிருந்தாங்க. 12,000 சொல்லி 9,000-க்கு முடிஞ்சுது. அம்மா நாயை வந்து பார்க்கலாமான்னு கேட்டேன். "அம்மா ஊர்ல இருக்கு மேடம், உங்களுக்கு எதுக்கு அலைச்சல், நானே கொண்டாந்து தர்றேன்"னார். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் பக்கத்துல பைக்ல வந்தார். பெட்ரோல் டேங்க் மேல ஒரு ஆப்பிள் அட்டைப்பெட்டி, பக்கவாட்டுல ஓட்டை. பெட்டியைத் திறந்தார், குட்டியைக் கையில கொடுத்தார், ஜிபே பண்ணினேன், கிளம்பிட்டார். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. வெண்டைக்காய் வாங்கினாக்கூட நான் ஒடிச்சுப் பார்த்துதான் வாங்குவேன்.

தடுப்பூசி புக் கொடுத்தார். ஸ்டிக்கர் இருக்கு, தேதி இருக்கு. கையெழுத்து இடத்துல ஒரு கிறுக்கல், சீல் இல்லை. அப்ப எனக்கு அது உறைக்கலை. அஞ்சாம் நாள் சாப்பிடலை. ஆறாம் நாள் வாந்தி. அப்புறம் ரத்தமா போக ஆரம்பிச்சுடுச்சு. மூணு நாள் டிரிப்ஸ் ஏத்தினோம், 14,000 ஆச்சு. பணத்தை விடுங்க. சின்னவன் இன்னமும் அதோட ஸ்டீல் கிண்ணத்தைத் தினமும் கழுவி, தண்ணி ஊத்தி வெக்கறான்.

வித்தவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். தளத்துல புகார் கொடுத்தா, வாங்கறவருக்கும் விக்கறவருக்கும் நடுவுல நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு தானியங்கி பதில் வருது. என் கேள்வி இதுதான்: ஒரு உயிரை விக்கறதுக்கு இப்படி ஒரு பகுதியே எதுக்கு? எல்லாத் தளத்துலயும் எடுக்கச் சொல்லி நாம ஒரு மனு போடலாமா?

---

சும்மாதான்_சொன்னேன் | ஞாயிறு, இரவு 11:05

வருத்தமா இருக்கு மேடம். ஆனா மனுவால ஒண்ணும் ஆகாது. தளத்துல எடுத்தா வாட்ஸ்அப் குரூப்புக்குப் போவான், அங்கயும் விரட்டினா டெலிகிராம். நாய் வேணும்னு நினைக்கறவன் இருக்கற வரைக்கும் விக்கறவன் இருப்பான். அப்புறம், கோவிச்சுக்காதீங்க, பஸ் ஸ்டாப்ல 9,000-க்கு லாப் வாங்கினா இப்படித்தான் ஆகும்.

---

மூணுபூனைக்காரி | ஞாயிறு, இரவு 11:12

@சும்மாதான்_சொன்னேன் குட்டி செத்து ரெண்டு நாள் ஆகலை. கொஞ்சம் வாயை மூடிட்டு இருக்கலாம்.

---

ஊசிக்கை_டாக்டர் | திங்கள், காலை 6:50

சென்னையில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மீனா, ஐந்தாம் நாள் அறிகுறி தெரிந்தது என்கிறீர்கள். பார்வோ கிருமி உள்ளே போய் நோய் வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஆக, குட்டி உங்கள் கைக்கு வரும்போதே கிருமியோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டீர்கள் என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். வந்த அன்று எடுத்த படத்தில் வாய் திறந்திருப்பது ஏதாவது இருக்கிறதா? பால்பல் முதலில் முன்பக்கம்தான் வரும். மூன்றாவது வாரத்திலிருந்து முன்பற்களும் கோரைப்பற்களும், பின்னால் உள்ளவை நாலு முதல் ஆறு வாரத்துக்குள். எட்டு வாரத்தில் 28 பால்பல்லும் இருக்க வேண்டும். '45 நாள்' என்று தூக்கிக்கொண்டு வரும் குட்டிகளில் பாதிக்கு வாயின் பின்பக்கம் விரலை விட்டால் வெறும் ஈறுதான் தட்டுப்படும். முப்பது நாளில் குட்டி உருண்டையாக, பொம்மை மாதிரி இருக்கும். அப்போதுதான் படம் நன்றாக வரும், அப்போதுதான் விலையும் போகும். அதற்குமேல் தீவனச் செலவு. அதனால்தான் தாயிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறார்கள்.

ஸ்டிக்கர் விஷயம். அது மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுவது. குப்பியை யாரோ வாங்கினார்கள் என்பதற்கு அது சாட்சி. உள்ளே இருந்த மருந்து எந்தக் குட்டிக்குப் போனது, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்களா, எதற்கும் அது சாட்சி இல்லை. டாக்டர் பெயர், பதிவு எண், சீல் இல்லாத புத்தகத்தை நான் தடுப்பூசி போட்டதாகவே எடுத்துக்கொள்வதில்லை.

முக்கியமாக, அந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். வெறும் ஃபினாயில் போதாது. பிளீச்சைத் தண்ணீரில் கலந்து, ஒரு பங்குக்கு முப்பது பங்கு, தரையைத் துடைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பாயையும் துணியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த குட்டியைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

---

மொட்டைமாடி_மீனா | திங்கள், காலை 9:20

டாக்டர், கொட்டாவி விடற படம் ஒண்ணு இருக்கு. பெரிசாக்கிப் பார்த்தேன். முன்னாடி அரிசி மாதிரி குட்டிக் குட்டிப் பல். பின்னாடி ஒண்ணுமே இல்லை.

---

கரிசக்காட்டுக்_கோடாங்கி | திங்கள், மதியம் 1:35

மீனா அக்காவுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனா எல்லா விளம்பரத்தையும் மூடுங்கன்னு சொன்னா அது என் வயித்துல அடிக்கிறது. நம்ம தரப்பையும் கேளுங்க.

ராஜபாளையம் பக்கத்துல கிராமம். தாத்தா காலத்துல இருந்து சிப்பிப்பாறை, ராஜபாளையம்னு ரெண்டு நாட்டு நாயும் உண்டு. இப்ப ரெண்டு பொட்டை, ஒரு கடுவன். வருசத்துக்கு ஒரு பொட்டைக்கு ஒரு ஈத்து, அதுக்கு மேல கிடையாது. முன்னால மெட்ராஸ்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் ஏவாரி வருவான். குட்டி 2,500, மிஞ்சிப்போனா 3,000. அதையே அங்க கொண்டுபோயி 15,000-ன்னு விப்பான். எங்களுக்குக் கஞ்சிச் செலவுகூடத் தேறாது. நாய் வளக்குறதையே விட்டுப்போட்ட வீடு எங்க தெருவுலயே நாலு இருக்கு.

இந்த ஆன்லைன் விளம்பரம் வந்த பெறகுதான் வாங்குறவன் நேரா எங்க வீட்டுக்கு வாரான். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினாரு. அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து போன் ஓயல. 2005-ல ராஜபாளையத்துக்குத் தபால்தலையே போட்டாங்க. அதனால ஒரு குட்டி வித்துச்சான்னு கேட்டா இல்ல. விளம்பரந்தான் வித்துச்சு.

என் வீட்டுக்கு வாறவங்க திண்ணையில உக்காந்து தாயப் பாக்கலாம், தகப்பனத் தொட்டுப் பாக்கலாம். ராஜபாளையம் வெள்ளையில செவிடு விழும், அது தெரிஞ்ச விசயம். வாங்குறவர் முன்னாலயே குட்டிக்குப் பின்னால சாப்பாட்டுத் தட்டக் கீழ போட்டுக் காட்டுவேன். திரும்பாத குட்டிய நான் விக்கிறதில்ல. ரெண்டு செவிட்டுக் குட்டி எங்க கிணத்தடியிலயே கெடக்கு, அதுபாட்டுக்கு வளருது.

என்னையும் அந்த அட்டைப்பெட்டிக்காரனையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

---

மொட்டைமாடி_மீனா | திங்கள், மாலை 5:10

அண்ணா, உங்களை அந்த ஆளோட சேர்த்துப் பேசலை. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க விளம்பரமும் அந்த ஆள் விளம்பரமும் அடுத்தடுத்து என் போன்ல வந்திருந்தா எனக்கு எப்படி வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்? நீங்களும் "வீட்டில் வளர்த்தது"ன்னுதான் போட்டிருப்பீங்க. அவரும் அதையேதான் போட்டார். உங்க திண்ணை படத்துல வராது. அவர் அட்டைப்பெட்டியும் வரலை. நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரி தெரியற இடம் அது. அதுல லாபம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

---

கறுப்புக்கோட்டு | திங்கள், இரவு 9:45

சட்டம் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நம்மில் பலர் நினைப்பது மாதிரி இது கேட்பாரில்லாத இடம் இல்லை.

நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி 2017-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. குட்டியை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குச் செல்லும். குட்டிக்கு எட்டு வாரம் ஆகாமல் விற்கக்கூடாது. தோலுக்கடியில் மைக்ரோசிப் (அடையாளச் சில்லு) இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் போகக்கூடாது. அடுத்த வருடம், 2018-ல், செல்லப்பிராணிக் கடை விதிகள் வந்தன. அதில் 'கடை' என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் வாரச்சந்தையைச் சேர்த்திருக்கிறார்கள், கூடவே விற்பதும் வாங்குவதும் நடக்கும் ஆன்லைன் தளத்தையும் சேர்த்திருக்கிறார்கள். பதிவுச் சான்று இல்லாமல் கடை நடத்தக்கூடாது என்பது அதே விதி.

இப்போது மீனாவின் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்றால் 56 நாள். "45 நாள் குட்டி" என்று எழுதினவர் தன் குற்றத்தைத் தானே தலைப்பில் போட்டிருக்கிறார். பாதி விளம்பரங்கள் இப்படித்தான் இருக்கும், ஒருவரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? அபராதத்தைப் பாருங்கள். 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டம். இந்த விதிகளை மீறினால் அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நூறு ரூபாய்க்கு ஒரு போலீஸ்காரர் பெருங்களத்தூர் வரை வண்டி எடுப்பாரா?

தளங்கள் சொல்லும் சாக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. நாங்கள் பலகை மட்டும்தான் வைத்திருக்கிறோம், எழுதுவது பொதுமக்கள் என்பார்கள். 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ போனால்தான் நீக்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. நாம் அழுத்தும் 'புகார்' பொத்தானுக்கு அந்த பலம் கிடையாது. ஆனால் முடியாது என்று மட்டும் சொல்ல முடியாது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்க்கும் விளம்பரங்களை என்ன செய்தார்கள்? உச்ச நீதிமன்றம் நெருக்கியதும் 2016-ல் பெரிய தேடுதளங்களே அவற்றைத் தானாகத் தடுக்க ஒப்புக்கொண்டன.

(பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை விற்பவர்கள் கதை வேறு. அது 1972 வனவிலங்குச் சட்டம், ஜெயில்தான். அங்கே யாரும் பெயரைக்கூட நேராக எழுதுவதில்லை. பயம் இருந்தால் விளம்பரத்தின் பாஷையே மாறிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

---

கரிசக்காட்டுக்_கோடாங்கி | திங்கள், இரவு 10:30

56 நாளா? நெசமாவே இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். எங்க பக்கம் 40 நாள்ல குடுத்துருவோம். எங்க அப்பாவும் அப்படித்தான். தப்புன்னு யாரும் சொன்னதில்ல.

---

தேம்ஸ்கரையான் | செவ்வாய், அதிகாலை 3:15

நான் லண்டனில இருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். இஞ்ச நடந்ததைச் சொல்லுறன், உதவுமோ பாருங்கோ.

இங்கிலாந்தில 2018 ஒக்டோபரில இருந்து நாய் வளர்த்து விக்க லைசன்ஸ் வச்சிருக்கிறவை விளம்பரம் போட்டால் லைசன்ஸ் நம்பர், அதைக் குடுத்த உள்ளூர் கவுன்சில், குட்டியின்ர படம், வயது, பிறந்த நாடு எல்லாம் விளம்பரத்துக்குள்ளயே இருக்க வேணும். பிறகு 2020 ஏப்ரல் 6-ல லூசி சட்டம் வந்தது. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச நாய்க்குட்டி, பூனைக்குட்டியைத் தரகர் விக்கேலாது, கடையும் விக்கேலாது. வளர்த்தவரிட்ட நேர போக வேணும், இல்லாட்டி மீட்பு இல்லத்தில எடுக்க வேணும். குட்டியைப் பிறந்த இடத்தில தாயோட சேர்த்துக் காட்ட வேணும். லூசி எண்டது 2013-ல வேல்ஸில ஒரு குட்டிப் பண்ணையில இருந்து மீட்ட நாய். கூட்டுக்குள்ளயே கிடந்து குட்டி போட்டுப் போட்டு இடுப்பு எலும்பு ஒட்டிப்போச்சுது.

மீனா கேட்ட கேள்விதான், "தாயைப் பார்க்கலாமா", அதுதான் இஞ்ச சட்டமா வந்தது.

ஆனா உண்மையையும் சொல்ல வேணும். சட்டம் வந்த கையோட லொக்டவுன். எல்லாரும் வீட்டில, எல்லாருக்கும் நாய் வேணும், விலை ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு. கள்ளர் என்ன செய்தவை? ரெண்டு நாளைக்கு வீடொண்டை வாடகைக்கு எடுத்து, வேற ஆற்றையோ நாயைக் கொண்டுவந்து தாய் எண்டு காட்டினவை. என்ர சிநேகிதன் ஒருத்தன் அப்பிடித்தான் ஏமாந்தவன். அந்தத் 'தாய்' குட்டிகளைத் திரும்பியும் பாக்கேல்லையாம், கதவையே பாத்துக்கொண்டு நிண்டதாம். மடிக்காம்பும் சுருங்கித்தான் இருந்தது, நான் ஏன் அதைக் கவனிக்கேல்ல எண்டு பிறகு சொல்லிச் சொல்லி அழுதான்.

---

மூணுபூனைக்காரி | செவ்வாய், காலை 11:25

தாய்னு பேச்சு வந்ததால சொல்றேன். போன வருஷம் மதுரவாயல் பைபாஸ் ஓரத்துல ஒரு பக் (சப்பை மூக்கு நாய்) கிடைச்சுது. அஞ்சு வயசு இருக்கும். காம்பு எல்லாம் தரையைத் தொடற அளவுக்குத் தொங்கிட்டிருந்தது. வயித்துல ஒரே இடத்துல சிசேரியன் தையல் ஒண்ணு மேல ஒண்ணா. வாலாட்டவே தெரியலை. சோபாவைப் பார்த்ததே இல்லை போல, ஏற மாட்டேங்குது. கூடையைப் பார்த்தா உடனே போய்ப் படுத்துக்குது. உங்க போன்ல வர்ற குட்டிப் படம் எல்லாத்துக்கும் பின்னாடி இது மாதிரி ஒண்ணு எங்கயோ இருக்கு. அதை யாரும் போட்டோ எடுக்கறதில்லை.

பக் எப்படி இந்த ஊருக்கு இவ்வளவு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 2003-ல ஒரு செல்போன் கம்பெனி டிவி விளம்பரம். இன்னிக்கு வரைக்கும் அதுக்கு 'ஹட்ச் நாய்'னுதான் பேர். அதுக்கு மூக்கும் இல்லை, மே மாசம் மூச்சு விட முடியாது. இப்ப அந்த இடத்துல ஹஸ்கி.

ஆனா மீனா, மொத்தமா எடுக்கணும்னா எனக்கு ஒரு பயம் இருக்கு. நாங்க மீட்ட நாய்க்கு வீடு தேடறதும் அதே விளம்பரத்துலதான். அமெரிக்காவுல கிரெய்க்ஸ்லிஸ்ட்னு ஒரு விளம்பரத் தளத்துல ஒரு வழி வெச்சிருக்காங்க: விக்கறதுக்குத் தடை, வேற வீடு தேடறதுக்கு அனுமதி, சின்னதா ஒரு தத்துக் கட்டணம் வாங்கிக்கலாம். ஃபேஸ்புக்லயும் பிராணி விக்கக்கூடாதுன்னுதான் விதி. ஆனா குரூப்ல போய்ப் பாருங்க. "தத்துக்கு, விவரம் இன்பாக்ஸ்ல"ன்னு போடுவான். இன்பாக்ஸ்ல போனா தத்துக் கட்டணம் 18,000. தத்துங்கற வார்த்தையையே நாறடிச்சுட்டாங்க.

---

சும்மாதான்_சொன்னேன் | செவ்வாய், மதியம் 12:40

அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன். தடை போட்டா வேற பேர்ல வரும். (மீனா மேடம், அன்னிக்கு நான் சொன்ன விதம் தப்பு. மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டு பீகிளும் ஒரு டோல்கேட் ஓரத்துல கை மாறினதுதான். அது பிழைச்சுது, அவ்வளவுதான் வித்தியாசம்.)

---

ஊசிக்கை_டாக்டர் | செவ்வாய், இரவு 8:15

வேற பேரில் வரும் என்பது சரி. ஆனால் எத்தனை பேர் தேடிப் போவார்கள் என்பதையும் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நாய் வாங்கத் திட்டம் போட்டவர்களே இல்லை. சோபா பார்க்கப் போனவர்கள், நடுவில் குட்டிப் படம் வந்தது, பையன் பார்த்துவிட்டான், மறுநாள் மாலை குட்டி வீட்டில். டெலிகிராம் குழுவைத் தேடிப்பிடித்துச் சேரவேண்டும் என்றால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் சேரமாட்டார்கள். திங்கட்கிழமை காலை என் வாசலில் நிற்கும் கூட்டம் முழுக்க சனி, ஞாயிறில் வாங்கியவர்கள். அந்த அவசரம் குறைந்தாலே எனக்குப் போதும்.

---

கரிசக்காட்டுக்_கோடாங்கி | செவ்வாய், இரவு 9:30

ரெண்டு நாளா இதத்தான் ரோசிச்சுக்கிட்டு இருந்தேன். வழக்கறிஞர் ஐயா சொன்ன அந்தப் பதிவு நம்பர விளம்பரத்துல போட்டாத்தான் ஏத்துவோம்னு தளக்காரன் சொன்னான்னு வைங்க. எனக்குச் சம்மதம். கூடவே தாயோட குட்டி பால் குடிக்கிற வீடியோவும் கேக்கட்டும், இன்னும் நல்லது. அட்டைப்பெட்டிக்காரனால அத எடுக்க முடியாது.

ஆனா 5,000 எனக்குப் பெருசு. ரெண்டு பொட்டை வச்சிருக்கிறவனுக்கும் இருவது கூண்டு வச்சிருக்கிறவனுக்கும் ஒரே கட்டணம்னா என்ன ஞாயம்? ஃபாரத்தத் தமிழ்ல குடுக்கட்டும். அதுக்காக நான் மெட்ராஸுக்கு பஸ் ஏறணும்னா முடியாது. மனுவுல இதையும் எழுதுங்க. எழுதினா என் கையெழுத்து முதல் கையெழுத்து.

இந்த ஈத்துல ஆறு குட்டி. பெறந்து 38 நாள் ஆச்சு. ரெண்டு பேரு முன்பணம் குடுத்திருக்காக. இன்னும் 18 நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லிப்புட்டேன். ஒருத்தரு பணத்தத் திருப்பிக் கேட்டுட்டாரு.

---

கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 10:05

அப்படியானால் மனுவைத் தளங்களுக்கு அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் கால்நடைத் துறைக்கும் எழுதுவோம். தளமும் 2018 விதிப்படி கடைதான், பதிவு எண் இல்லாத விளம்பரத்தை நீக்க அறிவிப்பு அனுப்புங்கள் என்று. அது அரசிடமிருந்து போனால் 79-வது பிரிவுச் சாக்கு எடுபடாது. சிறு வளர்ப்பாளருக்குக் கட்டணக் குறைப்பும் தமிழ்ப் படிவமும் தனிப் பத்தியாக இருக்கட்டும். நாளைக்குள் வரைவு போடுகிறேன். மொத்தத் தடையை மீனா விட்டுக்கொடுப்பாரா?

---

இழைக்காவலர் (மட்டுறுத்துநர்) | புதன், காலை 7:30

இழையில் இரண்டு பேர் விற்பவரின் போன் நம்பரைப் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். கோபம் புரிகிறது. ஆனால் அந்த நம்பர் இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாது.

---

மொட்டைமாடி_மீனா | புதன், இரவு 11:20

விட்டுக்கொடுக்கலை. தடைதான் வேணும்னு இன்னமும் நினைக்கறேன். ஆனா கோடாங்கி அண்ணா குட்டி அனுப்ப மாட்டேன்னு ஒரு ஆளைத் திருப்பி விட்டதைப் படிச்சப்புறம், அவர் சொன்னபடி எழுதினாலும் கையெழுத்துப் போடறேன்.

இன்னொண்ணு. பன்னுவோட விளம்பரப் படத்துல அது ஒரு நீல பிளாஸ்டிக் பேசின்ல உட்கார்ந்திருக்கும். பேசின் விளிம்பு ஒரு பக்கம் உடைஞ்சு, சூடு வெச்சு ஒட்டின கறுப்புக் கோடு இருக்கும். கீழ சிவப்பு சிமெண்ட் தரை. அந்தப் படத்தை நான் அழிக்கலை. இன்னிக்கு சாயங்காலம் அதே தளத்துல, வேற பேர், வேற நம்பர், ஷிட்சூ குட்டி. அதே பேசின். அதே கறுப்புக் கோடு. அதே தரை.

வீட்டுக்காரர் போன்ல இருந்து கூப்பிடச் சொன்னேன். அம்மா நாயைப் பார்க்கலாமான்னு கேட்டார். "அம்மா ஊர்ல இருக்கு சார்"னாங்க. இந்தத் தடவை பொம்பளைக் குரல்.

---

கறுப்புக்கோட்டு | புதன், இரவு 11:34

உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, விளம்பர எண் இரண்டும் தெரிய வேண்டும். பழைய படத்தையும் சேர்த்து வையுங்கள். '45 நாள்' என்ற வரி வெட்டுப்படாமல் இருக்கட்டும், மனுவோடு இணைப்போம்.

---

மொட்டைமாடி_மீனா | புதன், இரவு 11:41

எடுத்துட்டேன். இதுல 40 நாள்னு போட்டிருக்கு.